பதினான்காம் பக்கத்துக் கோழிக்குஞ்சு

டர்க்கி லிக், மேற்கு வர்ஜீனியா
6 மார்ச் 1983

அன்புள்ள தம்பி டென்ஸிலுக்கு,

அக்கா ஓலெட்டா எழுதுவது. முட்டிவலி ஒன்றைத் தவிர எனக்குக் குறையில்லை. நீ நன்றாக இருக்கிறாயா? இன்னும் டப்பா சூப்பைத் திறந்து அடுப்பங்கரையில் நின்றபடியேதான் சாப்பிடுகிறாயா? ஐம்பத்தொரு வயதாகிறது, ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்து சாப்பிடு.

உன் அத்தான் ஹோபர்ட்டுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது. ஐம்பத்தெட்டு மைல், நடுவில் இரண்டு மலை. அரசாங்க மருத்துவ வண்டி மட்டும் இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஹோபர்ட்டின் கண் போய்விட்டது, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இயந்திரத்துக்கு அரசாங்கம் பணம் கட்டுகிறது. ஆனால் அதனிடம் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிரைவர் லான்ஸோவும் அவன் வண்டியும்தான்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள். திரும்பி வரும்போது, அதே வண்டியில் டயாலிசிஸுக்கு வருகிற என் தோழி ஐவா, தீவனக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி முப்பது கோழிக்குஞ்சு வாங்கினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தவள், வளைவில் பெட்டியைச் சாய்த்துவிட்டாள். வண்டி முழுக்கக் குஞ்சுகள். கையில் கட்டுப் போட்ட கிழவர்கள் எல்லாம் இருக்கைக்கு அடியில் தவழ்ந்தார்கள். எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது. முப்பதாவது ஹோபர்ட்டின் தொப்பிக்குள் இருந்தது. ‘எனக்குத் தெரியும், சூடா இருந்துச்சு, அதான் சொல்லல’ என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார், டென்ஸில். நோய் வந்து இந்த இரண்டு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு யோசனை கேட்க வேண்டும். மகள் நடீன் எங்களைக் கொலம்பஸுக்கே வந்துவிடச் சொல்கிறாள். அங்கே ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான். இவர் வாயே திறக்கவில்லை. நீ என்ன சொல்கிறாய்? போனில் கேட்க முடியாது, அது இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

உன் அக்கா,
ஓலெட்டா

வாஷிங்டன்
17 மார்ச் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நாற்காலி ஒன்று வாங்கிவிட்டேன், அதன்மேல் இப்போது கோப்புகள் இருக்கின்றன. அத்தானுக்கு என் அன்பு.

கொலம்பஸ் பற்றி: ஒரு பக்கம் பார்த்தால், ஆஸ்பத்திரி அருகில், மகளின் துணை, குளிர்காலத்தில் மலைப்பாதை ஏறும் ஆபத்து இல்லை. மறுபக்கம் பார்த்தால், ஐம்பது வருஷம் வாழ்ந்த இடம், சர்ச், அத்தானின் மனநிலை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எதற்கு எடை அதிகம் என்பது நீங்கள் எதை முக்கியமாக நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கோழிக்குஞ்சுக் கதையை மூன்று முறை படித்தேன். லான்ஸோ வாரத்தில் எத்தனை முறை இப்படி வழியில் நிறுத்துவான்? வண்டியில் எத்தனை பேர் வருவார்கள்? அவர்களில் தனியாக வாழ்பவர்கள் எத்தனை பேர்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
டென்ஸில்

டர்க்கி லிக்
27 மார்ச் 1983

அன்புள்ள மதில்மேல் பூனைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். வெள்ளிக்கிழமை இங்கே பனி பெய்தது, லான்ஸோ சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். உனக்குச் சளி ஏதும் இல்லையே?

உனக்கு ஒன்பது வயதில் அம்மா ‘பீன்ஸ் வேணுமா, சோளம் வேணுமா’ என்று கேட்டாள். ‘ரெண்டுலயும் நியாயம் இருக்கு’ என்றாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு இரண்டும் கிடைக்காமல் படுத்தாய். நாடாளுமன்றத்தில் இருக்கிறவர்கள் கேட்டால் ஆராய்ந்து அறிக்கை எழுதிக் கொடுக்கலாம், எதற்கும் பரிந்துரை சொல்லக் கூடாது என்பது உன் வேலைக்குச் சட்டம், சரி. உன் அக்கா என்ன செனட்டரா?

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறாயாம்! நீ சும்மா கேட்டதை நான் பார்த்ததே இல்லை. ஏதோ எழுதுகிறாய். சரி, எழுதிக்கொள்: வண்டியில் பதினொரு பேர். ஏழு பேர் தனிக்கட்டை. வெள்ளிக்கிழமைதோறும் திரும்பும்போது தீவனக் கடை, மளிகைக் கடை, தபால் ஆபீஸ் மூன்றிலும் நிறுத்துவான். ஐவா ஒரு தரம் சர்ச் விருந்துக்கு எட்டுச் சட்டி பீன்ஸைக்கூட ஏற்றி வந்தாள். அந்த ஏழு பேருக்கும் வாரத்தில் மனுஷ முகம் பார்ப்பது அந்த வண்டிக்குள்தான்.

ஓலெட்டா

வாஷிங்டன்
2 மே 1983

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை. உன் முட்டிவலி தேவலையா?

வேலையைப் பற்றி நான் சொல்லக் கூடாது. எந்த உறுப்பினர் எங்களிடம் என்ன கேட்டார் என்பது வெளியே போகக் கூடாது, அக்காவிடம்கூட. பொதுவாகச் சொல்கிறேன். என் மேலதிகாரி திருமதி க்ளோவர் ஒவ்வொரு வரியையும் பச்சைப் பென்சிலால் தட்டிப் பார்ப்பவர். ஓரத்தில் இரண்டே கேள்விகள் எழுதுவார். ‘ஆதாரம்?’ ‘மறுபக்கம்?’ இரண்டுக்கும் பதில் இல்லாத வரி அச்சுக்குப் போகாது. பதினெட்டு வருஷமாக அந்த விதியை நான் மதித்தே வந்திருக்கிறேன்.

நேற்று ஒரு வரியை எடுத்துவிடலாமா என்று சாயங்காலம்வரை யோசித்தேன். நல்ல வரி. எடுக்கவில்லை.

அத்தான் சிரிக்கிறாரா?

டென்ஸில்

டர்க்கி லிக்
20 ஜூன் 1983

அன்புள்ள டென்ஸிலுக்கு,

நீ சுகமா? நாங்கள் உடம்பளவில் சுகம். மனசு சுகமில்லை.

சார்ல்ஸ்டன் பத்திரிகை வந்தது. உங்கள் ஊரில் ஏதோ குழு கூடியதாம். எந்த ஊர்க்காரனோ ஓர் உறுப்பினர், எங்கள் வண்டித் திட்டத்துக்கு இனி ஏன் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு, கையில் இருந்த தாளைப் பார்த்துப் படித்தானாம்: நோயாளிகளுக்கென்று கொடுத்த வண்டியில் கோழிக்குஞ்சும் விருந்துச் சட்டியும் போகிறது என்று. ‘இது ஆம்புலன்ஸா, கோழி வண்டியா?’ என்று கேட்டானாம். சபையே சிரித்ததாம். பத்திரிகைக்காரன் தலைப்பே அப்படிப் போட்டிருக்கிறான்.

ஹோபர்ட்டுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். ‘நம்ம குஞ்சா?’ என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சண்டாளனுக்கு யார் சொன்னது? வேறு யார், ஐவாதான். அவள் வாய்க்குப் பூட்டு உண்டா? வண்டியில் நேராகவே கேட்டுவிட்டேன். ‘நான் ஏன்டி சொல்லப் போறேன், அந்த வண்டி இல்லன்னா நானும்தானே சாகணும்?’ என்று அழுதாள். நீலிக் கண்ணீர். அன்று முதல் அவளோடு பேச்சு இல்லை. முப்பத்தாறு வருஷப் பழக்கம்.

திட்டத்தை நிறுத்திவிடுவார்களா, தம்பி? உனக்குத் தெரியாமல் இருக்காது. உடனே எழுது.

ஓலெட்டா

வாஷிங்டன்
24 ஜூலை 1983

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் தாங்கவில்லை. நான் நலமாக இருக்கிறேன். அத்தானின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பலமுறை உட்கார்ந்தேன். திட்டம் நிற்குமா என்பது இரண்டு சபைகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது. நீட்டிக்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். புதிய நிதியாண்டு அக்டோபர் ஒன்றில் தொடங்குகிறது. அதற்குள் தெரிந்துவிடும்.

ஐவா விஷயத்தில் அவசரப்படாதே. இப்படிப்பட்ட தகவல் பல வழிகளில் போகக்கூடும். அவள்தான் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

டென்ஸில்

டர்க்கி லிக்
18 செப்டம்பர் 1983

தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நிறுத்திவிட்டார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு வண்டி கிடையாது. லான்ஸோ வாசலில் நின்று, செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான். மரம் அறுக்கும் மில்லில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் அவனுக்கு வேலை கிடைக்குமாம்.

பக்கத்து வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒருவர் திங்கள் பார்க்கலாம் என்கிறார், இன்னொருவர் லாரி ஓடினால் புதன் வருகிறேன் என்கிறார். ஐவா வீட்டுக் கொட்டகையில் அவள் புருஷன் விட்டுப்போன கார் ஓடுகிற நிலையில் சும்மா நிற்கிறது. அவளுக்குச் சர்க்கரையில் கண் மங்கிவிட்டதால் தொடுவதில்லை. அவளிடம் போய் நான் கேட்பதற்கு மலையிலிருந்து குதிக்கலாம்.

நம் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டேன். அங்கே இருக்கிற பெண் நல்லவள். அந்த ஆள் படித்த தாள் ஏதோ ஆராய்ச்சி அறிக்கையாம். பொதுமக்களுக்குக் கடையில் கிடைக்காதாம், உறுப்பினர் கேட்டால் கொடுப்பார்களாம். வாங்கி அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். யார் சொன்னது என்று அதில் போட்டிருக்கும் அல்லவா? உங்கள் ஆட்கள் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். உனக்கு ஏதாவது தெரியுமா?

ஓலெட்டா

வாஷிங்டன்
26 செப்டம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே?

அந்த அறிக்கை வந்தால் நீ படிக்க வேண்டியதில்லை. நாற்பது பக்கம். பெரும்பாலும் அட்டவணைகள். உனக்குச் சலிப்பாக இருக்கும்.

அத்தானை யாராவது அழைத்துப் போக ஏற்பாடு ஆனதா? ஒரு முறைகூடத் தவறக் கூடாது.

டென்ஸில்

டர்க்கி லிக்
16 அக்டோபர் 1983

டென்ஸில்,

நான் படிக்க வேண்டியதில்லை என்று நீ எழுதியதால்தான் அட்டவணை உட்பட நாற்பது பக்கத்தையும் படித்தேன்.

பதினான்காம் பக்கம். ‘ஒரு மலை மாவட்டத்தில் திரும்பும் பயணத்தில் வண்டி தீவனக் கடையில் நிறுத்தப்படுகிறது. சமூகத் தொடர்பற்ற நோயாளிகளுக்கு இது ஆறுதலாக அமைகிறது என்று ஆதரவாளர்கள் வாதிடலாம்.’ அப்புறம் கோழிக்குஞ்சு, எட்டுச் சட்டி பீன்ஸ், பதினொரு பேர், ஏழு பேர். அடுத்த வரி: ‘மருத்துவத்துக்கென ஒதுக்கிய வாகனம் இவ்வாறு பயன்படுவது சட்டத்தின் நோக்கத்துக்குப் புறம்பானது என்று விமர்சகர்கள் வாதிடலாம்.’ கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு முப்பத்தொன்று: ‘ஒரு குடியிருப்பாளர், தனிப்பட்ட கடிதங்கள், மார்ச் 6, மார்ச் 27, 1983.’

மார்ச் ஆறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழுதுகொண்டே எழுதிய கடிதம் அது. ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதவில்லை நீ. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான்கு மாதமாக ஐவாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். ஆதாரம் இல்லை என்று எனக்கு எழுதினாய். ஆதாரம் நான்தான் என்று உனக்குத் தெரியும்.

இந்த இரண்டு வாரத்தில் ஹோபர்ட்டுக்கு இரண்டு முறை டயாலிசிஸ் தவறிவிட்டது. கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. மூச்சு வாங்குகிறது. வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சோளரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘போதும் ஓலெட்டா. இனிமே யாரையும் கெஞ்ச வேணாம். மெஷினை விட்டுடலாம்’ என்றார். விட்டால் பத்து நாள் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருக்கிறார். அது அவருக்கும் தெரியும்.

நீ எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன், உனக்குப் புரிய வேண்டும் அல்லவா? முதல் வழி: அவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கொலம்பஸ். இரண்டாவது வழி: இப்படியே ஊராரிடம் கையேந்தி, கிடைத்த நாள் போவது. மூன்றாவது வழி: அவர் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் மறுபக்கம் உண்டு, அதை நீ எழுத வேண்டாம், எனக்கே தெரியும்.

எது? ஒன்றைச் சொல். சொல்ல முடியாவிட்டால் இனிமேல் கடிதமே போடாதே.

ஓலெட்டா

வாஷிங்டன்
20 அக்டோபர் 1983

அக்கா,

மூன்றாவது கூடவே கூடாது. அத்தானை விடாதே. கொலம்பஸுக்குப் போங்கள், இந்த வாரமே. நடீனிடம் போனில் பேசிவிட்டேன், அறை தயாராக இருக்கிறது. இது என் பரிந்துரை. இதற்கு மறுபக்கம் நான் எழுத மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அத்தான் சிரித்ததற்காகத்தான் அதை அறிக்கையில் போட்டேன். நம் ஊரைப் பார்த்திராத ஐந்நூறு உறுப்பினர்கள் அதைப் படித்தால் வண்டியின் அருமை தெரியும் என்று நம்பினேன். திருமதி க்ளோவர் ‘ஆதாரம்?’ என்று கேட்டார், அடிக்குறிப்புப் போட்டேன். ‘மறுபக்கம்?’ என்று கேட்டார். அக்கா, அதற்கு மறுபக்கமே அதுவரை கிடையாது. உலகத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. என் மேஜையில் உட்கார்ந்து நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். நன்றாகவே எழுதினேன். அந்த ஆள் அதை ஒரு சொல் மாற்றாமல் படித்தான்.

ஜூனிலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ரகசிய விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி அல்ல, பயம். ஐவாவுக்குத் தனியாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அவளிடம் நீ எதுவும் விளக்க வேண்டியதில்லை.

போய்விடுங்கள் அக்கா.

டென்ஸில்

டர்க்கி லிக்
27 அக்டோபர் 1983

டென்ஸிலுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு முட்டிவலி, இப்போது கழுத்துவலியும். காரணம் பின்னால் சொல்கிறேன்.

உன் கடிதத்தை ஹோபர்ட்டுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கோழிக்குஞ்சுப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பரிந்துரைக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

‘கொலம்பஸா? அந்தத் தட்டையான ஊருக்கா? மலையே இல்லாத இடத்துல எதைப் பார்த்துக்கிட்டு உக்கார்றது? பதினெட்டு வருஷமா வாயைத் திறக்காதவன், திறந்ததும் உளறுறான் பாரு. நான் செத்தாலும் அங்க போக மாட்டேன்னு எழுது. ஏய், இரு. செத்தாலும்னு எழுதாத.’

அப்படியே ஒரு மணி நேரம் திட்டினார். வண்டியில் அந்தக் குஞ்சு தப்பியதற்கு அப்புறம் அவர் இவ்வளவு பேசியது இப்போதுதான். திட்டி முடித்து, மூச்சு வாங்க, ‘நாளைக்குப் புதன். என்னை யாரு கூட்டிட்டுப் போறது?’ என்றார். நான் அடுப்பங்கரைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஐவா வந்தாள். உன் கடிதம் அவள் கையில் இருந்தது. வாசலிலேயே நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ‘வாயை மூடிக்கிட்டு இதைப் பிடி’ என்று கார்ச் சாவியை என் கையில் திணித்தாள். வண்டி நிற்கப் போகிறது என்று தெரிந்த அன்றே கொடுப்பதாக இருந்தாளாம். நான்தான் பேசவிடவில்லை.

மில் இல்லாத நாட்களில் லான்ஸோ அந்தக் காரை ஓட்டுகிறான். மில் நாளில் பக்கத்து வீட்டு லாரி. இன்று சர்ச் வாசலில் எனக்குக் கற்றுக்கொடுத்தான். இரண்டு தரம் வேலியில் இடித்தேன், அதுதான் கழுத்துவலி. பனிக்காலம் முழுமையாக வருவதற்குள் உரிமம் வாங்கிவிடுவேன். வாங்காவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. நேற்று ஐவா, ஹோபர்ட், இன்னும் இரண்டு பேர் அந்தக் காரில் போய்வந்தார்கள். மற்ற ஏழு பேர் என்ன செய்கிறார்கள் என்று கேட்காதே. அதில் ஒருவரை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். அறிக்கையில் ‘தனியாக வாழ்பவர்’ என்று நீ எண்ணிய ஏழு பேரில் அவரும் ஒருவர். பேர் ஆர்டன் ஸ்டம்ப்.

ஆக, உன் பரிந்துரையை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் நீ ஒன்றைச் சொன்னாய். அதை எதிர்த்துச் சண்டை போடத்தான் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்தால் எழுதுகிறேன், தீராவிட்டாலும் எழுதுகிறேன். நவம்பர் நன்றித் திருநாள் விருந்துக்கு வந்து சேர். பீன்ஸ் வேண்டுமா, சோளம் வேண்டுமா என்று வாசலிலேயே கேட்பேன்.

இந்தக் கடிதத்தை எந்த அறிக்கையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள். ஆனால் ‘ஒரு குடியிருப்பாளர்’ என்று போடாதே. ஓலெட்டா ப்ரேதர் லில்லி, டர்க்கி லிக் என்று முழுசாகப் போடு. ஆர்டன் பேரையும் போடு.

உன் அக்கா,
ஓலெட்டா